பழைய லேப்டாப்பில் பணத்தை எங்கே போடுவது?

பத்து வருஷம் ஓடிய லேப்டாப்பில் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் கிழடு தட்டுவதில்லை. ப்ராசஸர் வாங்கிய அன்றைக்கு என்ன வேகமோ இன்றைக்கும் அதே வேகம்தான். ராம் தேயாது. உண்மையில் தேய்வது ஹார்ட் டிஸ்க், பேட்டரி, ஃபேன், திரையைத் தாங்கும் கீல், இவ்வளவுதான். இன்னொரு பக்கம், விண்டோஸும் ப்ரவுசரும் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகின்றன. “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிடணும்” என்று முடிவெடுக்கும் முன், தேய்ந்தது எது, கனத்தது எது என்று பிரித்துப் பார்த்தாலே பல வீடுகளில் முப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும்.

கையில் பணம் கொஞ்சமாக இருக்கும்போது இன்னொரு கணக்கும் போட வேண்டும். இன்று போடும் காசில் எவ்வளவு அடுத்த லேப்டாப்புக்கும் கூட வரும்? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி வரும். ராம் பெரும்பாலும் வராது. பேட்டரி வரவே வராது. எதில் தாராளமாக இருக்கலாம், எதில் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை நான் எப்போதும் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

ஒரு லேப்டாப்பை வைத்தே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் வீட்டிலும் உட்கார்ந்து டேலி என்ட்ரி போட்டாக வேண்டும். அண்ணன் 2015-ல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப்தான் இப்போது அவருடையது: இன்டெல் கோர் ஐ3-5005யு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து எக்செல் கைக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும். செலவழிக்க முடிந்தது 6,000 ரூபாய்; அதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்கக் கூடாது என்பது அவர் அம்மாவின் உத்தரவு. இதே நிலையில் தமிழ்நாட்டில் ஏராளமான லேப்டாப்கள் இருக்கின்றன. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து, இன்று பீரோ மேல் உறையோடு கிடப்பவையும் அதில் சேர்த்தி. அவற்றுக்கும் இதே வழிமுறை பொருந்தும்.

முதல் வேலை, காசே செலவழிக்காமல் நோயைக் கண்டுபிடிப்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு, அன்றாடம் செய்யும் வேலையையே செய்யுங்கள். டேலி திறக்கட்டும், ப்ரவுசரில் நாலைந்து டேப் ஓடட்டும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று கோடுகளில் எது உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் சிபியு பெரும்பாலும் முப்பது, நாற்பது சதவீதத்திலேயே நின்றது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டு இறங்கவே இல்லை. ப்ராசஸர் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கால் கொடுக்க முடியவில்லை.

ஏன் அப்படி? லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் ஆகிறது. வேண்டிய தகவல் இருக்கும் வட்டத்துக்கு ஊசி நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுற்றிக்கொண்டு ஊசிக்கு அடியில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு நூறு துண்டுத் தகவல் எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸோ ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பாராட்டுவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும் வேகம் ஐந்து மடங்கு கூடும் என்பதெல்லாம் அடுத்தபடிதான்.

மெமரி கோடும் உச்சியில் இருந்தால், ராம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிவைக்கிறது என்று அர்த்தம். அதுவும் டிஸ்க்கின் தலையில்தான் விடியும். சிபியு கோடு எந்நேரமும் நூறில் நின்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். முதலில் தூசியும் சூடும்தான் காரணமா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்த லேப்டாப்பில் எவ்வளவு செலவழித்தாலும் பலன் குறைவு.

அடுத்து உடல்நிலைப் பரிசோதனை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கின் நிலையை ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். ‘குட்’ என்று நீலத்தில் வந்தால் சரி. ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. மற்ற வேலையை நிறுத்திவிட்டு அன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள். பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் ஒரு அறிக்கை கிடைக்கும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்பது இன்றைய கொள்ளளவு. பாதிக்குக் கீழே போயிருந்தாலும், எப்போதும் சார்ஜரோடு மேஜையில் வைத்தே வேலை செய்பவர் பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பலகை உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. கழற்றி, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கக்கூடும்.

இந்த இடத்தில் நின்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கீல் உடைந்து திரை ஆடுகிறதா, திரையில் கோடு விழுகிறதா, மதர்போர்டு கோளாறால் அடிக்கடி தானாக ஆஃப் ஆகிறதா? அப்படியென்றால் எஸ்எஸ்டி போட்டுப் பிரயோஜனம் இல்லை. ராமும் சேமிப்பகமும் போர்டோடு பற்றவைக்கப்பட்ட, 32 ஜிபி இஎம்எம்சி மட்டுமே உள்ள மலிவு மாடல்களிலும் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மற்றபடி இன்டெல் ஐ3, ஐ5 வகைகளில் மூன்றாம், நான்காம் தலைமுறை வரைக்கும் பின்னால் போனாலும் எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் இன்றும் தாக்குப்பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும் என்கிறது. ஐந்தாம் தலைமுறை ஐ3 இந்த வாசலில் நுழைய முடியாது. ஆனால் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு: செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் போய்ப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு ஒத்திசைத்துக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐப் பழைய லேப்டாப்பில் ஏற்றும் வழிகளும் இருக்கின்றன. தொடர்ந்து அப்டேட் வரும் என்று அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அடுத்தவர் வரிக்கணக்கும் வங்கி விவரமும் இருக்கும் லேப்டாப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன். அதனால் இந்த லேப்டாப்பில் போடும் பணம் ஒரு வருஷத்துக்கும் சற்று மேலே அவகாசம் வாங்கித் தரும், அதற்குள் அடுத்ததற்குச் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். அப்படிப் பார்த்தால் எதை அடுத்த லேப்டாப்புக்கு எடுத்துப் போக முடியும் என்ற கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

டேலி தேவைப்படாதவர்களுக்கு அந்தக் கெடுவே இல்லை. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் நிம்மதியாக ஓடும். 2024-ல் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. லிப்ரே ஆஃபீஸ் அதோடு வருகிறது, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். படிப்பு, எழுத்து, யூட்யூப், மெயில் என்றிருக்கும் வீட்டில் இதைத் தயங்காமல் போடச் சொல்வேன். டேலி விண்டோஸை நம்பி எழுதப்பட்டது. அதை வைத்துப் பிழைப்பு நடத்துபவரிடம் போய் லினக்ஸுக்கு மாறு என்று சொல்வது நியாயமில்லை.

இனி பேக்கப். திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில் இருக்கும். டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும். அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். சொந்த டேலி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபார்மட் செய்வதற்கு முன் அதை ‘சரண்டர்’ செய்துவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தொல்லை இருக்காது. ப்ரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள் இன்னொன்று. டிடிபி வேலை செய்பவர்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த எழுத்துரு இல்லாமல் பழைய அழைப்பிதழ் ஃபைலைத் திறந்தால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் ரெகவரி எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கும் கட்டம். அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு இரண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வேண்டும். எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டி போடும் இடம் உங்கள் மாடலில் இருக்கிறதா, இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று தயாரிப்பாளர் தரும் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. கொள்ளளவில் 256 ஜிபி போதும் என்று பலரும் சொல்வார்கள். நான் 512 வாங்கச் சொன்னேன். இது அடுத்த லேப்டாப்புக்கும் வரப்போகிற பொருள். அங்கே சாட்டா இடம் இல்லாவிட்டாலும் யுஎஸ்பி உறையில் போட்டு வெளி டிஸ்க்காக ஆயுசுக்கும் பயன்படும்.

ராமில் எதிர்க் கணக்கு. ஐந்தாம் தலைமுறை லேப்டாப்களில் இருப்பது டிடிஆர்3எல். அதற்கு 1.35 வோல்ட் போதும், 1.5 வோல்ட் கேட்கும் பழைய டிடிஆர்3 ஸ்டிக்கை இதில் போட்டால் லேப்டாப் ஆன் ஆகாமல் போகலாம். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று அந்த ‘எல்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த லேப்டாப் டிடிஆர்4 ஆகத்தான் இருக்கும். இந்த ராமின் 204 பின்னுக்கும் அதன் 260 பின்னுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த லேப்டாப்போடு கடைசிவரை இருந்து அதோடு போகப்போகிற பொருளுக்குப் புது விலை கொடுப்பானேன்? ராம் தேயாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கே காசாகிறது. கழற்றிய பழைய 4 ஜிபி ஸ்டிக் ஒன்று போதும். காலியாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் அதைப் போட்டால் மொத்தம் 8 ஜிபி. இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இயங்குவதால் ப்ராசஸரிலேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். எஸ்எஸ்டியைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள். எழுத எழுதத் தேய்கிற பொருள் அது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போதும். பழைய ராம் ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. வாயால் சொல்லி விளக்குவதைவிட அதைக் காட்டி “இதே மாதிரி” என்பது பிழையில்லாத வழி. எஸ்எஸ்டி கடையில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“பில்லு வேணாம்னா இருநூறு ரூபா குறைச்சுக்கலாம்மா. சீல் பீஸுதான், பாருங்க.”

“இல்லண்ணா, பில் போட்டே குடுங்க. சீரியல் நம்பரையும் அதுல எழுதிடுங்க.”

“எழுதிடறேன்மா. எதுனாச்சும் ஒண்ணுன்னா மூணு வருஷத்துக்கு நேரா கம்பெனிக்கே போயிக்கலாம்.”

அந்த இருநூறு ரூபாயில்தான் மூன்று வருஷ வாரன்ட்டி அடங்கியிருக்கிறது. பெயரே கேள்விப்படாத பிராண்டில் 1 டிபி, 2 டிபி என்று நம்ப முடியாத விலையில் வருபவை பல நேரம் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய கொள்ளளவைக் காட்டும்படி எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் நிரம்பியதும் ஃபைல்கள் கெட்டுப்போகும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். எந்தப் புது டிஸ்க்கையும், யுஎஸ்பி உறையில் வைத்து, முக்கியமான ஃபைல் எதுவும் ஏறும் முன் இதை ஓடவிட்டுப் பார்த்துவிடலாம்.

நாங்கள் போனது 2025 ஆகஸ்டில். 512 ஜிபி எஸ்எஸ்டி மூவாயிரத்தை ஒட்டி வந்தது. பழைய ராம் ஐந்நூறு, பழைய டிஸ்க்குக்கு யுஎஸ்பி உறை நானூற்றுச் சொச்சம், தெர்மல் பேஸ்ட் ஒரு சின்னக் குழாய். அந்த வருஷக் கடைசியில் உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ராம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் ஏறிவிட்டது. இப்போது வாங்குபவர்கள் மூன்று கடையிலாவது விலை கேட்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். பட்ஜெட் இடித்தால் 256-க்கு இறங்குங்கள், பிராண்டிலும் பில்லிலும் இறங்காதீர்கள்.

இனி லேப்டாப்பைத் திறப்பது. கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாய் கேட்பார்கள். பயமிருந்தால் கொடுப்பதில் தவறில்லை, எதிரில் நின்று பாருங்கள். வீட்டில் செய்வதென்றால் பகல் வெளிச்சம், சமமான மேஜை, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, இவை போதும். சார்ஜரைப் பிடுங்கி, ஷட்டவுன் செய்து, பேட்டரி வெளியே கழலும் மாடலாக இருந்தால் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். தண்ணீர்க் குழாயையோ ஜன்னல் கம்பியையோ ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் போய்விடும்.

லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் அதன் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே தாளில் குத்திவையுங்கள். நீளமும் குட்டையுமாக ஸ்க்ரூக்கள் கலந்துதான் இருக்கும். குட்டைக்குரிய இடத்தில் நீளத்தை முறுக்கினால் மேல்பக்கக் கீபோர்டு வரை துளைத்துக்கொண்டு போகும். ரப்பர் காலுக்கு அடியிலும் டிவிடி டிரைவுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை மறந்துவிட்டு மூடியை இழுப்பதால்தான் பெரும்பாலான பிளாஸ்டிக் கிளிப்கள் உடைகின்றன. ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியானதும், ஏடிஎம் கார்டின் ஓரத்தை இடுக்கில் விட்டு மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். ‘டக், டக்’ என்று கிளிப் ஒவ்வொன்றாக விடும் சத்தம் கேட்கும். ஒரு இடத்தில் விடவில்லை என்றால் பலம் போட வேண்டாம். அங்கே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது. சில மாடல்களில் கீபோர்டையும் தூக்க வேண்டியிருக்கும். அதன் அடியில் காகிதம்போல் மெல்லிய பட்டைக் கேபிள் இருக்கும், அதன் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் திறந்த உடன் முதல் காரியமாக அதன் கனெக்டரைப் போர்டிலிருந்து பிரித்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கனெக்டருக்கு எதிர்த் திசையில் நேராக இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் நான்கு ஸ்க்ரூ. அதைக் கழற்றி எஸ்எஸ்டியை அதே சட்டத்தில் மாட்டுங்கள். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்தான், பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் மேலே கொஞ்சம் இடைவெளி இருக்கும். சட்டம் சரியாகப் பிடித்திருந்தால் அதனால் பாதகமில்லை. ராம் ஸ்லாட்டில் ஸ்டிக்கைச் சாய்வாக, தங்க நிறக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போகும்வரை நுழைத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் ஒரே நேரத்தில் பிடிக்கும் சத்தம் வந்தால் வேலை முடிந்தது. ஆன் செய்தும் திரை கருப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பத்தில் ஒன்பது முறை ராம் முழுதாக உட்காரவில்லை என்பதுதான் காரணம். கழற்றி, கோடுகளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, மறுபடி போடுங்கள்.

திறந்தது திறந்தோம், ஃபேனையும் பார்த்துவிட வேண்டும். ஃபேனுக்கும் செம்புத் துடுப்புகளுக்கும் நடுவே பத்து வருஷத் தூசி கம்பளிப் படலமாகப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷால் எடுங்கள். ஹீட் சிங்க்கைத் தூக்கினால் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்து, ப்ராசஸர் மேல் ஒரு அரிசி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும். இந்த வேலைக்குப் பிறகு வெயில் காலத்தில் எந்நேரமும் ஃபேன் இரையும் சத்தம் அடங்கும்.

விண்டோஸை எப்படி ஏற்றுவது? பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாம். அதற்கு குளோன்ஜில்லா இலவசம். ஆனால் பத்து வருஷக் குப்பையும் கூடவே வரும், டிஸ்க் ‘காஷன்’ நிலையில் இருந்தால் பாதியில் நின்றும் போகும். புதிதாகப் போடுவதே மேல். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க்கோடு அல்ல. இன்ஸ்டால் நடுவில் கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைப் போட்டால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அந்த ‘அதே பதிப்பு’ முக்கியம். இந்தியாவில் விற்ற லேப்டாப்களில் பலவற்றில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’. அதை முன்கூட்டியே செட்டிங்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் “நானே ஒரிஜினல் விண்டோஸ் போட்டுத் தர்றேன்” என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அவர்கள் போடும் ஆக்டிவேட்டர் மென்பொருளில் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சொந்தமாக லைசென்ஸ் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

பழைய டிஸ்க் ‘குட்’ நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறைக்குள் போட்டு மாதா மாதம் பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம். டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப்பில் அதைக் கழற்றிவிட்டு, கேடி என்ற சட்டத்தில் டிஸ்க்கை மாட்டி உள்ளேயே வைப்பவர்களும் உண்டு, 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வருகிறது, அளந்து வாங்க வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். லேப்டாப் திருடு போனாலும் பேக்கப் வீட்டில் இருக்கும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப் இப்போது ஆன் ஆகி, டீ டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் வேலைக்குத் தயாராகிவிடுகிறது. ஆறாயிரத்தில் மிஞ்சியதைத் தனியே எடுத்து வைத்து, மாதம் ஆயிரம் என்று அதோடு சேர்க்கத் தொடங்கினார். 2026 அக்டோபருக்குள் அது அடுத்த லேப்டாப்பாக வேண்டும். அந்த அடுத்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு நேராக இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

குறைந்த விலையில் புது லேப்டாப் என்று கடையில் காட்டப்படுபவற்றில் பல, செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் ப்ராசஸரும், போர்டோடு பற்றவைத்த 4 ஜிபி ராமும், 64 ஜிபி இஎம்எம்சியும் கொண்டவை. வாங்கிய ஆறாம் மாதமே மூச்சுத் திணறும், மேம்படுத்த வழியும் இல்லை. அதே பணத்துக்கு, பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும் பிசினஸ் ரக லேப்டாப்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கும்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரோடு வருபவை, அப்படி வருபவை விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. மூன்றிலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட். உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கும், கழற்றுவது எப்படி என்று தயாரிப்பாளரே மேனுவல் வெளியிட்டிருக்கிறார். இவற்றில் ஏழாம் தலைமுறை ப்ராசஸர் போட்டவையும் கலந்து வரும். ஸ்டிக்கரை நம்பாமல் செட்டிங்ஸில் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள், ஐ5-8350யு என்பதுபோல் ‘ஐ5’ஐ அடுத்து வரும் முதல் எண் 8 ஆக இருக்க வேண்டும்.

கடையில் வைத்தே செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. பயாஸுக்குள் நுழையுங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பீஸ் வேண்டாம், திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை எளிதில் நீக்க முடியாது. விண்டோஸைப் புதிதாக அமைக்கும்போது உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மெயில் கேட்டால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் இன்டர்நெட் இல்லாமலே அமைத்து வைத்திருந்தால் ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரி ரிப்போர்ட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவும் இங்கேயும் உதவும். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள், எல்லா யுஎஸ்பியிலும் பென்டிரைவைச் செருகுங்கள், முழு வெள்ளைத் திரை வைத்து அழுத்தத் தழும்பு இருக்கிறதா பாருங்கள், இருபது நிமிஷம் வீடியோ ஓடவிட்டு அடிப்பக்கச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் அந்த மாடலுக்குரிய வாட் அளவில் இருக்க வேண்டும். பில்லில் சீரியல் நம்பரும், எத்தனை மாதம் கடை வாரன்ட்டி என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் போடுவதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள். பழைய லேப்டாப்புக்குக் கிடைக்கும் தொகையே சொற்பம்; டிஸ்க் இல்லையென்பதற்காக அதில் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பி அழித்ததாக நினைத்த ஆதார் நகலையும் பான் கார்டையும், வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எழுதிய எக்செல் ஷீட்டையும் யார் வேண்டுமானாலும் இலவச மென்பொருளை வைத்து அந்த டிஸ்க்கிலிருந்து மீட்டுவிட முடியும்.